பொட்டு வைத்த டிஸ்க்

அருள், இந்தக் கடிதத்தை வானதி பக்கத்தில் இல்லாதபோது படி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பத்துப் பக்கத்துக்கு வேறு எதையாவது பேசிவிட்டு, சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன்; என்னை உனக்குத் தெரியும். நீ என்னிடம் கொடுத்துவைத்த டிஸ்கை நான் அழித்துவிட்டேன். இனியா உயிரோடிருந்த நாற்பத்தொரு நாளும் பதிவாகியிருந்த அந்த டிஸ்கைத்தான். திருடன் வரவில்லை, தண்ணீர் படவில்லை, அது பழுதாகவும் இல்லை. அறுபத்தெட்டு வயதான உன் அப்பன், கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாகக் கட்டளையைத் தட்டி, என்டரை அழுத்தி அழித்தான். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இந்த ஒன்பது நாளில் நீ இரண்டு முறை பேசினாய். இரண்டு முறையும் "எல்லாம் நல்லாருக்கு" என்றேன்.

நீ அதைக் கொடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தை போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. வானதியின் போன் தானாகவே பழைய படங்களை எடுத்துப் பாட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அடுத்த நிலையத்தில் இறங்கி, எழுந்திருக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்; நீ போய்க் கூட்டிவந்தாய். அன்றைக்கே இரண்டு போனிலும் இருந்ததையெல்லாம் ஒரு டிஸ்குக்கு மாற்றி, போனிலும் இணையத்திலும் ஒன்றுவிடாமல் நீக்கிவிட்டு, பிடோக் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். "எங்க கண்ணுல படாம வச்சிருங்கப்பா. கேக்கும்போது குடுங்க. நீங்களும் தொறந்து பாக்காதீங்க, வேற யாரும் பாக்க வேணாம்" என்றாய். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். அடுத்த இரண்டு மாதத்தில் நீங்கள் பெர்த்துக்குப் போய்விட்டீர்கள்.

மூன்று வருடம் நீங்கள் கேட்கவில்லை. போன மாதம் வானதியே போன் செய்தாள். "மாமா, அவ மூஞ்சி ஞாபகம் இருக்கு. சத்தம்தான் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. அவ ஒரு தடவ அழுதாள்ல, அது அதுல இருக்கும். தீபாவளிக்கு வர்றோம், அதக் கேக்கணும்" என்றாள். நடுக்கமில்லாமல், பால் வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த இடத்துக்கு வந்துசேர அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். "பத்திரமா இருக்கும்மா" என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

போனை வைத்ததும் எனக்கு ஒரு பதற்றம் தொற்றிக்கொண்டது. இந்த டிஸ்கை நீங்கள் பெர்த்துக்கு எடுத்துப்போவீர்கள், பெட்டியில் அடிபட்டால் என்ன ஆகும் என்று. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மூன்று வருடமாக நான் நகல் எடுக்கவில்லை. நீ பார்க்க வேண்டாம் என்று சொன்னதை நகல் எடுப்பது நம்பிக்கைத் துரோகம் என்று நினைத்திருந்தேன். இப்போது நீங்களே கேட்டுவிட்டீர்கள், இனி எடுக்கலாம் என்று பட்டது. கடைக்குப் போய் அதே கம்பெனி, அதே அளவு, அதே கறுப்பு நிறத்தில் இன்னொன்று வாங்கிவந்தேன். ஒரே மாதிரி இருந்தால் முழு டிஸ்கையும் அப்படியே பிரதி எடுக்க வசதி. இதைச் சொன்னபோது கடைக்காரப் பையனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. பழையதில் மட்டும் போன வருடப் பொட்டு காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. போதும், அடையாளம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நம் வீட்டு சரஸ்வதி பூஜை உனக்குத் தெரியும். என் மீட்டர், டிரில், ஸ்க்ரூடிரைவர் பெட்டி, உன் அம்மாவின் தையல் மெஷின், மிக்ஸி, லேப்டாப் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். இந்த வருடம் இரண்டு டிஸ்கையும் நானே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். பழையது அடியில், புதியது மேலே. அவள் வழக்கம்போல எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுப் பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி; புது வேலை தொடங்க நல்ல நாள் என்று காத்திருந்து, குளித்துவிட்டு உட்கார்ந்தேன். அதற்குள் அவள் பூஜை சாமான்களையெல்லாம் எடுத்து ஒழுங்குபடுத்தி, இரண்டு டிஸ்கையும் பக்கத்துப் பக்கத்தில் என் மேசையில் வைத்திருந்தாள். ஒன்றில் பொட்டு இருந்தது. ஒன்றில் இல்லை. பொட்டு இருப்பதுதான் இனியா என்று எடுத்துக்கொண்டேன். அவள் துடைத்ததும் எனக்குத் தெரியும், புதிதாக வைத்ததும் தெரியும். ஆனாலும் புத்தி அங்கே போகவில்லை.

பொட்டு வைத்ததை முதலில் செருகினேன், மற்றதை அடுத்து. லேப்டாப்பின் சொந்த டிஸ்க் sda. முதலில் வந்தது sdb, பின்னால் வந்தது sdc. டிஸ்குகளைப் பட்டியலிடும் lsblk கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் ஒரே ஒரு பகுதி. புதிய டிஸ்கும் கடையிலிருந்து வரும்போதே ஒரு பகுதியோடுதான் வருகிறது. சரியாகத்தானே இருக்கிறது என்று, sdb-யில் உள்ளதை அப்படியே sdc-யின் மேல் எழுது என்று dd கட்டளையைக் கொடுத்தேன். அதாவது, ஒன்றுமே இல்லாத புது டிஸ்கை எடுத்து என் பேத்தியின் மேல் எழுதச் சொன்னேன். அது கேள்வி கேட்காது. நீ உறுதியாகச் சொல்கிறாயா என்றுகூடக் கேட்காது.

எழுதவே கை கூசுகிறது, ஆனால் நீ படிக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தவனை உட்காரவைத்து, கறுப்புத் திரையில் தட்டக் கற்றுக்கொடுத்தாய். அன்றைக்கு நீ சொன்னது காதிலேயே நிற்கிறது: "அப்பா, sdb-ங்கறது அதோட பேரு இல்ல. பாலிகிளினிக்ல குடுக்கற கியூ நம்பர் மாதிரி. இன்னிக்கு நீங்க முன்னாடி போனா அந்த நம்பர், நாளைக்கு வேற ஒருத்தருக்கு. சீரியல் நம்பர்தான் ஐசி, அதோட அடையாள அட்டை." அதைக் கேட்டு நான் எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். நம் அடுக்குமாடி புளோக்கில் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒவ்வொருவரிடமும், சீரியல் நம்பரைப் பார்க்காமல் தொட்டால் கையை உடைப்பேன் என்று சொன்னவன் நான். உன் டிஸ்கின் சீரியல் நம்பரை ஒரு தாளில் எழுதி அலமாரி இழுப்பறையில் வைத்திருந்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. lsblk-க்குப் பின்னால் இன்னும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டியிருந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் வைத்த லேபிளையும் அது காட்டியிருக்கும். நீ அந்தப் பகுதிக்கு இனியா என்றே லேபிள் வைத்திருந்தாய். sdc-க்கு நேரே அவள் பெயர் வந்து நின்றிருக்கும். அழிக்கப்போகிறவனுக்கு முன்னால் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றிருப்பாள். நான் கேட்கவில்லை, அதனால் அது சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் நாம் நின்ற நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு சின்னக் கால் அது, அதில் ஒரு பட்டை. நர்ஸ் ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் அந்தப் பட்டையிலிருந்த எண்ணை வாய்விட்டுப் படிப்பாள், பாட்டிலில் இருந்ததையும் படிப்பாள், இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு அவளையும் படிக்கவைப்பாள். மூன்று வாரமாக அதே குழந்தை, அதே கட்டில், அதே நர்ஸ். இவளுக்கு இன்னுமா அடையாளம் தெரியவில்லை என்று நான் உன்னிடம் முணுமுணுத்தேன். "தெரியும்பா. தெரிஞ்சதாலதான் படிக்கறாங்க" என்றாய். எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிந்து என்ன பிரயோஜனம்.

கட்டளை ஓடுவதை அரை மணிக்கு மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து சாப்பிடப் போய்விட்டேன். முதல் நாள் சுண்டல் மீந்திருந்தது. உன் அம்மா தட்டில் போட்டுக்கொண்டே, "ஏங்க, அந்த ரெண்டுல மேல இருந்ததுக்கு மட்டும்தான் பொட்டு வச்சேன். அதுதானே புதுசு. அடில உள்ளதுக்கு வைக்காம விட்டுட்டேன், பரவால்லதானே?" என்றாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஒரு வாய் போட்டேன். இரண்டாவது வாயில்தான் உறைத்தது. தட்டோடு ஓடினேன். கேபிளைப் பிடுங்கும்போது திரையில் நாற்பது நிமிடம் ஆனதாகக் காட்டியது. பிறகுதான் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன், சீரியல் நம்பரைப் படித்தேன், வாய்விட்டு இரண்டு முறை படித்தேன். அவள் வாசலில் நின்று, என்ன ஆச்சு என்றாள். ஒன்றுமில்லை, சூடு பட்டுவிட்டது என்றேன். சுண்டல் ஆறிப்போயிருந்தது அவளுக்கும் தெரியும்.

அவளுக்கு இதுவரை தெரியாது. டிஸ்க் போனதை நான் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் பொட்டு விஷயம் உன்னோடு இருக்கட்டும். அவள் சாமிக்குச் செய்ததைச் செய்தாள். இதில் தன் கையும் இருக்கிறது என்று தெரிந்தால் இனி அந்தக் கையால் அவள் ஒரு பூவையும் எடுத்து வைக்கமாட்டாள். உன்னிடம் நான் கேட்கும் முதல் காரியம் இதுதான், அருள். என்னை என்ன வேண்டுமானாலும் பேசு.

என்ன பேச வேண்டும் என்று தெரியாவிட்டால் நானே எடுத்துத் தருகிறேன். பாலிடெக்னிக்கில் படித்தபோது என் கம்ப்யூட்டரில் ஏதோ போடப்போய், நான் கப்பல் பட்டறையில் வேலை செய்த காலத்துப் படங்களையெல்லாம் அழித்துவிட்டாய். அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. நான் பேசியது நினைவிருக்கிறதா? "கண்ணு எங்கடா இருந்துச்சு? அடுத்தவன் பொருள்னா ஒனக்கு அவ்ளோ எளக்காரமா? நீயெல்லாம் ஒரு வேலைக்கும் லாயக்கில்ல" என்றேன். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்துபோவேன். அந்தப் படங்களில் இருந்ததெல்லாம் நானும் நாலு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றதுதான். அதற்கு அவ்வளவு ஆட்டம் ஆடினேன். ஒரு தடவைகூட உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பதினாறு வருடம் கழித்து, வேறு வழியில்லாத இடத்தில் நின்றுகொண்டு கேட்பதை நீ மதிக்கவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

முதல் இரண்டு நாள் நானே மீட்கப் பார்த்தேன். எழுதாமல் படிக்க மட்டும் செய்து, டிஸ்கின் தொடக்கத்திலிருந்து தேடினேன். பூஜ்யம். அடுத்த பக்கம், பூஜ்யம். கண் எரிகிறவரை பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பயம் வந்து, டிஸ்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பிடோக் நார்த்தில் ரயில் ஏறி லிட்டில் இந்தியா போனேன். தீபாவளிக் கூட்டம், சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லை. பின்தெருவில் ஒரு மாடியில் ரஹீம் என்று ஒருவர், டிஸ்க் பழுது பார்ப்பவர். நம் புளோக்கில் ஒருவருக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய படம் என்பதையும் சொன்னேன்.

"எவ்ளோ நேரம் ஓடுச்சு அங்கிள்?" என்றார்.

"நாப்பது நிமிஷம்."

"உள்ள எவ்ளோ இருந்துச்சு?"

"முப்பது ஜிபி இருக்கும்."

அவர் டிஸ்கை மேசையில் வைத்தார். "பொய் சொல்லி அனுப்ப மாட்டேன் அங்கிள். முன்பக்கத்துல இருந்திருந்தா எல்லாம் போச்சு. பின்னாடி எங்கயாச்சும் துண்டு துண்டா கெடந்தா, லேப்ல எடுத்துப் பாக்கலாம். சான்ஸ் கம்மிதான் லா. நீங்க இனிமே அதத் தொடாதீங்க."

"லேப்ல இருக்கறவங்க படத்தப் பாப்பாங்களா?"

"தொறந்து பாக்காம எப்படித் தெரியும் அங்கிள், வந்துச்சா வரலையான்னு?"

அதைக் கேட்டதும் டிஸ்கைத் திரும்ப வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டேன். வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். உன் பேச்சை மீறி ஒரு முறை நான் செய்தது போதும். அதனால் இது உன் முடிவு, உன் முடிவுகூட இல்லை, உங்கள் இரண்டு பேருடைய முடிவு. கொடுக்கலாம் என்றால் ஒரு வரி எழுது, அன்றைக்கே கொண்டுபோகிறேன். வேண்டாம் என்றால் டிஸ்க் அப்படியே இருக்கும். ஆனால் வானதியிடம் நீ சொல்லித்தான் ஆகவேண்டும், அதுவும் விமானம் ஏறுவதற்கு முன்னால். அவள் சாங்கியில் இறங்கி, வீட்டுக்கு வந்து, கையை நீட்டிக் கேட்டு, அப்போது நான் சொல்வதாக இருந்தால் என்னால் முடியாது. அந்தக் கையைப் பார்க்க என்னால் முடியாது, தம்பி.

மீறியது ஒரு முறை என்று மேலே எழுதினேன். அது பொய். இத்தனை சொன்ன பிறகு இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் பார்த்தேன். நீ கொடுத்த இரண்டாவது வாரத்திலிருந்தே பார்த்தேன். வெள்ளிக்கிழமை உன் அம்மா கோயிலுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து, டிஸ்கைச் செருகி, படிக்க மட்டும் என்ற முறையில் திறந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். உன் அம்மா கண்ணில் அந்தப் பெயர் பட்டுவிடக் கூடாதென்று, டிஸ்கைச் செருகினால் லேபிள் திரையில் தானாக வராதபடி நானே மாற்றிவைத்தேன். அப்படி மாற்றாமல் இருந்திருந்தால் அன்றைக்கு இனியா என்ற பெயர் தானாகவே திரையில் வந்திருக்கும், நான் கையை எடுத்திருப்பேன். திருட்டுத்தனமாகப் பார்த்ததற்குத் தண்டனை கிடைத்தது, ஆனால் தவறான ஆட்களுக்குக் கிடைத்துவிட்டது.

எண்பத்தாறு வீடியோ. எனக்கு வரிசையாகத் தெரியும். ஆறாவது நாள் வானதி இரண்டு விரலை நீட்டி, தொடலாமா என்று நர்ஸைக் கேட்கிறாள், தொட்டதும் இனியா காலை இழுத்துக்கொள்கிறாள், வானதி பயந்து கையை எடுத்துவிடுகிறாள். பதினான்காவது நாள் ஒன்றில் படமே இல்லை, நீ போனை மடியில் வைத்துவிட்டாய், உன் முழங்கால் மட்டும் தெரிகிறது. ஆனால் நீ அவளிடம் பெரிய எம்ஆர்டி வழித்தடம் முழுவதையும் ஒவ்வொரு நிலையமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், பாசிர் ரிஸ்ஸில் தொடங்கி. தானா மேராவில் நிறுத்தி, ஏர்போர்ட்டுக்கு இங்கேதான் மாறணும் என்கிறாய். இருபத்திரண்டாவது நாள் அவள் கொட்டாவி விடுகிறாள், வாயில் குழாய் இருக்கிறது, ஆனாலும் விடுகிறாள், நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை முப்பத்தொன்று எழுதியிருக்கிறேன். நீங்கள் வருவதற்குள் முடித்துவிடுவேன். படிக்க விருப்பமில்லாவிட்டால் கிழித்துப்போடு.

வானதி கேட்டது இருபத்தொன்பதாவது நாள். அன்றைக்குத்தான் வாயில் இருந்த குழாயை எடுத்தார்கள், இரண்டு நாளுக்கு. பதினொரு விநாடிதான் அந்த வீடியோ. முதல் இரண்டு தடவை வெறும் காற்று வருகிறது, குரல் இல்லை. மூன்றாவதில்தான் குரல் கட்டினமாதிரி ஒரு சத்தம் கீழேயிருந்து ஏறி, நடுவில் உடைந்து, பிறகு மறுபடியும் ஏறுகிறது. முடிவில் ஒரு சின்ன விக்கல். எழுதினால் இவ்வளவுதான் வருகிறது. இதைப் படித்து அவளுக்கு அந்தச் சத்தம் கேட்காது, அது எனக்குத் தெரியும். அதனால் உன் அம்மா மார்க்கெட்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்து, சமையலறையில் நின்று அதை எழுப்பிப் பார்க்கிறேன். கிழவன் தொண்டை, முதல் நாள் இருமல்தான் வந்தது. என்னைப் பைத்தியக்காரன் என்று நினைக்காதே, அல்லது நினைத்துக்கொள். மூன்று வருடம் வெள்ளிக்கிழமைதோறும் கேட்ட சத்தம், எங்கே உடையும், எங்கே ஏறும் என்று எனக்குத் தெரியும். வானதி கேட்டால் செய்துகாட்டுவேன், கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன். நேற்றுக் காலை எதிர்வீட்டுச் சீன அம்மா வந்து கதவைத் தட்டினாள். கையில் ஆரஞ்சுப் பழம் இரண்டு வைத்திருந்தாள். உங்கள் வீட்டுக்குக் குழந்தை வந்திருக்கிறதா, அழும் சத்தம் கேட்டதே என்றாள். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.